வளரிளம் பருவத்தினரின் உடலியக்கமும் உள்ளமும்

சென்ற ஆனி மாதம், சாரல் காற்று வீசத் தொடங்கிய நாள்களில், ஓர் இல்ல விழாவின் பொருட்டுக் கீழப்பாவூர் சென்றிருந்தேன். தென்காசி மாவட்டத்தில் பாவூர்ச்சத்திரத்தை அடுத்துள்ள ஊர் அது. மேற்கே குற்றால மலை, ஊரையொட்டிப் பெரிய குளம், அக்குளத்தை நம்பிய நெல்வயல்கள். என் கணவரின் பணி காரணமாக அவ்வட்டாரத்தில் பல்லாண்டுகள் தங்கி, அங்குள்ள பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான்.

மறுநாள் காலை குளக்கரையில் ஐம்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் மெல்ல நடந்து வந்தார். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். என்னை அடையாளம் கண்டு நின்றார். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் அவர் என் எட்டாம் வகுப்பு மாணவி. ஓட்டத்தில் அவரை முந்தக்கூடியவர் அவ்வகுப்புப் பையன்களுள்ளும் ஒருவர் இருவரே. பூப்பெய்தி, சடங்கு முடிந்து, தாவணி அணிந்து பள்ளிக்கு மீண்ட நாள்முதல், விளையாட்டுப் பாடவேளை தோறும் அவர் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டார். நான் காரணம் வினவவில்லை. "சும்மாதானே இருக்கிறாய், இந்தக் கணக்கு நோட்டுகளை அடுக்கு" என்று வேலையும் கொடுத்தேன். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைப் பாடமாகப் படித்துத் தேர்ந்தவள் நான். ஆயினும் அச்சிறுமி ஏன் அமர்ந்தாள் என்ற வினா என் உள்ளத்தில் எழவில்லை. பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்றே எண்ணி மகிழ்ந்தேன்.

குளக்கரையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், அன்னைக்கு 'நீயும் ஓடு'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன்." சற்று நேரம் கழித்து, "எம் பேத்தியும் இப்ப அப்படியே உக்காந்துக்கிடுதா டீச்சர்" என்றார். பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

அவ்விரு சொற்களே இக்கட்டுரைக்குக் காரணம். நம் வீட்டுப் பிள்ளைகள் பத்து வயது வரை ஓயாமல் ஓடுகின்றனர். பின்னர் மெல்ல மெல்ல அமர்ந்துவிடுகின்றனர். இதற்கு உள்ளத்தில் அமைந்த காரணங்கள் யாவை, பெரியோராகிய நாம் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

வளரிளம் பருவமும் உடலியக்கமும்

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள பருவத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை இயக்குதல் வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் வலிமை தரும் செயல்கள் வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும் என்றும் அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

உடலியக்கம் என்றவுடன் போட்டி விளையாட்டு மட்டுமே நினைவுக்கு வருதல் கூடாது. பள்ளிக்கு விரைந்து நடத்தல், சைக்கிள் மிதித்தல், குடத்தில் நீர் சுமத்தல், வயலில் உதவுதல், கிளித்தட்டு, பாண்டி, கோகோ, கபடி ஆகிய யாவும் இதனுள் அடங்கும்.

உண்மை நிலை யாது? 146 நாடுகளில் 16 இலட்சம் மாணாக்கரிடம் திரட்டிய செய்திகளை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் 2019இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அதன்படி 2016ஆம் ஆண்டில், 11 முதல் 17 வயதுள்ள மாணாக்கருள் நூற்றுக்கு 81 பேர் மேற்சொன்ன ஒரு மணி நேர அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் இது நூற்றுக்கு 78, பெண்பிள்ளைகளில் 85. நம் நாட்டிலும் ஏறத்தாழ நான்கில் மூவர் இந்நிலையினரே.

வாழ்நாள் முழுவதும் உடலைத் தாங்க வேண்டிய எலும்பின் திண்மை பெரும்பாலும் இப்பருவத்திலேயே சேர்கிறது. அறுபது வயதில் முழங்கால் வலி என்றும் எலும்புத் தேய்வு என்றும் வருந்தும் நம் பெண்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பதின்மூன்று வயதில் இழந்த ஓட்டத்தை ஐம்பதில் மருத்துவர் சீட்டெழுதித் திருப்பித் தர முயல்கிறார்.

சோம்பல்தானா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல், கைப்பேசியே கதி" என்று கூறி நாம் அமைந்துவிடுகிறோம். கைப்பேசிக்கு இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் என் மாணவி அமர்ந்த நாளில் அவ்வூரில் கைப்பேசி ஏது? சோம்பல் என்று நாம் பெயரிட்டழைப்பது பெரும்பாலும் அச்சமும் நாணமும் நம்பிக்கைக் குறைவுமே என்பது உளவியல் நூல்களால் நான் பின்னாளில் அறிந்த உண்மை. நோய் இன்னதென்று தவறாக அறிந்தால் மருந்தும் தவறிவிடும். சோம்பலுக்குக் கண்டிப்பு மருந்தாகலாம். நாணத்தைக் கண்டிப்பு மேலும் வளர்க்கும். ஆதலின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. "என்னால் இயலும்" என்னும் நம்பிக்கை

ஆல்பர்ட் பந்தூரா (1925–2021) அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் பேராசிரியர். ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கையே, அச்செயலைத் தொடங்குவதையும் இடர் வரும்போது தொடர்வதையும் பெரிதும் முடிவு செய்கிறது என்று அவர் 1977இல் எடுத்துரைத்தார். இதனைத் தன்னாற்றல் நம்பிக்கை எனலாம். பாம்பைக் கண்டால் நடுங்குவோரைக் கொண்டும் அவர் ஆய்வு செய்தார். பிறர் பாம்பைக் கையாள்வதை முதலில் காணச் செய்து, பின் துணையோடு சிறிது சிறிதாகத் தாமே தொடச் செய்தபோது அவர்களுடைய அச்சம் விலகியது.

இந்நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்பது அவர் கருத்து. முதலாவது, தானே செய்து பெற்ற சிறு வெற்றி. நான்கனுள்ளும் வலியது இதுவே. இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து வெல்வதைக் காணுதல். மூன்றாவது, தான் மதிக்கும் ஒருவர் கூறும் ஊக்கச் சொல். நான்காவது, தன் உடலில் தோன்றும் உணர்வுகளுக்குத் தான் கொள்ளும் பொருள். ஓடும்போது நெஞ்சு படபடப்பதை ஒரு சிறுவன் "உடல் சூடேறுகிறது" என்று கொள்வான். மற்றொருவன் "எனக்கு ஏதோ ஆகிறது" என்று அஞ்சி நின்றுவிடுவான். இருவர்க்கும் படபடப்பு ஒன்றே.

வகுப்பில் பருமனான பிள்ளை, மெலிந்த பிள்ளை, மூக்குக் கண்ணாடி அணிந்த பிள்ளை ஆகியோர் குழு பிரிக்கும்போது எப்போதும் இறுதியில் அழைக்கப்படுவர். நாள்தோறும் "நீ ஆகமாட்டாய்" என்ற செய்தி சொல்லின்றியே அவர்களுக்குச் சென்று சேர்கிறது. ஓராண்டு இவ்வாறு கழிந்தபின் அப்பிள்ளை வயிற்றுவலி என்று கூறி ஒதுங்குமாயின், அது பொய்யன்று, ஒருவகைத் தற்காப்பு.

2. பிறர் பார்வை என்னும் சுமை

வளரிளம் பருவத்தார் எந்நேரமும் எல்லாரும் தம்மையே கவனிப்பதாக எண்ணுவர். டேவிட் எல்கைண்ட் என்னும் உளவியலறிஞர் 1967இல் இதற்குக் "கற்பனைப் பார்வையாளர்" என்று பொருள்படும் பெயரிட்டார். முகத்தில் ஒரு பரு தோன்றினாலும் ஊரே அதனைப் பார்ப்பதாக உணரும் பருவம் அது. உடல் விரைந்து மாறுகிறது, கைகால் நீள்கின்றன, குரல் உடைகிறது. தன் உடல் தனக்கே புதிதாகத் தோன்றும் வேளையில், பலர் முன்னிலையில் அதனைக் குலுங்க விட்டு ஓடுதல் எளிதன்று.

பெண்பிள்ளைகள் திறத்தில் அப்பார்வையாளர் முற்றிலும் கற்பனையல்லர். மைதானத்தின் மதிலோரம் நின்று நகைப்போர் உண்மையாகவே உண்டு. "வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் என்ன" என்று கேட்கும் உறவினரும் உண்டு. ஆடை விலகுமோ, மாதவிலக்கு நாளில் கறை படுமோ என்ற அச்சமும் உடன் சேர்கிறது. பொருத்தமான உள்ளாடை, கறை பற்றிய கவலையின்றி மாற்றிக்கொள்ள ஒரு தூய கழிப்பறை, பெண்பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கிய நேரம் ஆகிய மூன்றும் ஆயிரம் அறிவுரைகளினும் பயன் தரும். இவற்றைப் பற்றித் தாயும் ஆசிரியையும் வெளிப்படையாகப் பேசாதவரை, சிறுமி தனக்குத் தெரிந்த ஒரே வழியை மேற்கொள்வாள், அமர்ந்துவிடுவாள்.

3. உள்ளார்ந்த ஊக்கம்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மனிதன் ஒரு செயலில் தானே விரும்பி நிலைத்திருக்க மூன்று உளத்தேவைகள் நிறைவேற வேண்டும் என்பர். தானே தெரிந்தெடுத்தேன் என்ற உணர்வு, தேர்ச்சி பெறுகிறேன் என்ற உணர்வு, பிறரோடு இணைந்திருக்கிறேன் என்ற உணர்வு என்பன அவை. தெருவில் கிளித்தட்டு ஆடும் பிள்ளைகளைக் காணுங்கள். விதியைத் தாமே வகுக்கின்றனர், நாளுக்கு நாள் தந்திரம் கற்கின்றனர், நண்பரோடு ஆடுகின்றனர். மூன்று தேவையும் அங்கே நிறைவேறுகின்றன. ஆதலால் யாரும் அழைக்காமலே வருகின்றனர். ஆசிரியர் ஊதும் விசிலுக்கு வரிசையில் நின்று கையை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியில் அவை குறைவு.

பரிசு கொடுத்தால் ஊக்கம் பெருகும் என்று நாம் நம்புகிறோம். 1973இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. ஓவியம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் நற்சான்று தருவோம் என்று முன்னரே கூறி வரையச் செய்தனர், சான்றும் தந்தனர். சில நாள்கள் கழித்து, பரிசு ஏதுமின்றி வண்ணக்கோல்களை வைத்தபோது, அக்குழந்தைகள் மற்றவரைவிடக் குறைவாகவே வரைந்தனர். விருப்பத்திற்குச் செய்தது கூலிக்குச் செய்ததாக மாறிவிட்டது. "நாள்தோறும் ஓடினால் கைப்பேசி வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க. தண்டனையும் அவ்வாறே. வீட்டுப்பாடம் எழுதாத மாணவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுநாள் இருந்தது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்ற பிள்ளை அதனை எவ்வாறு விரும்பும்?

4. ஒப்பீடு

ஜான் நிக்கோல்ஸ் என்னும் கல்வி உளவியலறிஞர், வெற்றியை மாணவர் இருவகையாக அளப்பர் என்றார். நேற்றைய தன்னைவிட இன்று முன்னேறினேனா என்று அளப்பது ஒன்று. பிறரை வென்றேனா என்று அளப்பது மற்றொன்று. இரண்டாம் வகையில் மட்டும் அளக்கப் பழகிய பிள்ளை, வெல்லும்வரை ஆடும். தோற்கத் தொடங்கியதும் விலகிவிடும். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்திற்கு மூன்று பரிசுகளே உண்டு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எஞ்சிய 37 பேரின் கதி என்ன என்று நான் பணியில் இருந்த காலத்தில் ஒருநாளும் எண்ணியதில்லை.

உள்ளம் மட்டுமே காரணமன்று

இங்கு ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் உள்ளத்தின் மேல் ஏற்றிவிடுதல் முறையன்று. கீழப்பாவூர், பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றுதல் பெண்களின் வீட்டுத் தொழில். பள்ளிவிட்டு வந்ததும் தாய்க்குத் துணையாகப் பீடித்தட்டை மடியில் வைத்து இருட்டும்வரை குனிந்தமர்ந்த சிறுமியர் பலரை நான் அறிவேன். அவர்களிடம் உடற்பயிற்சியின் நன்மையை எடுத்துரைப்பது பசித்தவனிடம் உணவின் சிறப்பை உரைப்பது போன்றது. நேரமும் இடமும் இல்லாத பிள்ளைக்கு முதலில் அவற்றைத் தருதல் வேண்டும். நகரத்தில் பீடித்தட்டின் இடத்தைத் தனிப்பயிற்சி வகுப்பு பிடித்துக்கொண்டது. பொதுத்தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியருள் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதை ஒளிக்காமல் கூறுகிறேன்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இக்கொள்கைகள் ஏட்டளவில் நிற்பனவோ என ஐயுறுவோர்க்கு நம் தமிழகமே சான்று தருகிறது. சித்தன்னவாசல் குன்று அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் அவ்வியக்கம் இணைத்துக்கொண்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெருந்துணையாக நின்றார். கிராமப் பெண் சைக்கிள் ஓட்டுவது அதுவரை கேலிக்குரியதாக இருந்தது. தொடக்கத்தில் ஏளனச் சொற்களும் வந்தன.

ஆயினும் சில ஆண்டுகளுக்குள், பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், அம்மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டக் கற்றனர் என்றும், 70,000க்கும் மேற்பட்டோர் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினர் என்றும் இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவரும் உளர்.

பந்தூரா கூறிய நான்கு வழிகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள். பயிற்சி முகாமில் பெண்கள் தாமே மிதித்துப் பழகிச் சிறு வெற்றி கண்டனர். தம் தெருப் பெண் ஓட்டுவதைக் கண்ணாரக் கண்டனர். இயக்கத்தின் பாடல்களும் ஆட்சியரின் துணையும் ஊக்கச் சொல்லாக அமைந்தன. கூட்டமாகக் கற்றதால் விழுவதும் நடுங்குவதும் வெட்கத்திற்குரியனவாகத் தோன்றவில்லை. தனித்து ஒருத்தி ஓட்டினால் ஊர் சிரிக்கும்; ஆயிரம் பேர் ஓட்டினால் சிரிப்பவர்தாம் தனித்து நிற்பர். "சோம்பலை விடுங்கள்" என்று அங்கு யாரும் சொற்பொழிவாற்றவில்லை.

பின்னர் 2001–02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் பிறருக்கும் விரிந்தது. பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் பெண் இன்று எவ்வூரிலும் வியப்புக்குரியவள் அல்லள்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. ஆணையிடுமுன் வினவுக. "ஏன் விளையாடவில்லை?" என்பதைவிட "எது உனக்குப் பிடிக்கும்?" என்பது நல்ல வினா.

2. சிறு தொடக்கம் போதும். பத்து நிமிட நடை முதல் வாரத்திற்குப் பெரிய வெற்றியே. அடுத்த வாரம் தானே வளரும்.

3. நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிடுக. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடற்க.

4. உடலமைப்பைக் கேலி செய்யும் பட்டப்பெயர்களை வீட்டில் முற்றும் விலக்குக. "குண்டு", "ஒல்லி" என்பன அன்பாகச் சொல்லப்பட்டாலும் புண்ணாகவே நிற்கும்.

5. குழு பிரிக்கும் பொறுப்பை ஆசிரியர் மேற்கொள்க. இறுதியில் எஞ்சும் பிள்ளை என்று ஒருவர் இருத்தலாகாது.

6. பூப்பெய்திய பெண்ணிடம் "இனி ஓடாதே" என்று யாரேனும் கூறினால், தாய் அங்கேயே மறுத்துரைக்க வேண்டும். மௌனம் உடன்பாடாகவே கொள்ளப்படும்.

7. பெரியோர் தாமும் நடக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபடி "போய் விளையாடு" என்பது பயன் தராது.

நம் இல்லங்களுக்குரிய ஒன்றையும் கூறவேண்டும். கதிரவன் மறையுமுன் இரவுணவை முடிக்கும் நோன்புடைய குடும்பங்களில், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு மாலை விளையாட்டு நேரம் சுருங்கிவிடுகிறது. தோழர்கள் மும்முரமாக ஆடும் வேளையில் உணவுக்கு அழைப்பு வரும். பிள்ளை இரண்டுக்கும் நடுவே மனம் சலிக்கும். மார்கழியில் பொழுது விரைந்து சாய்வதால் நெருக்கடி மிகும். நோன்பையும் விளையாட்டையும் எதிரெதிராக நிறுத்தாமல், "காலையில் ஆடுகிறாயா, பள்ளி விட்டதும் அங்கேயே ஆடிவிட்டு வருகிறாயா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். தானே தெரிந்த நேரத்தைப் பிள்ளை தவறவிடாது. நோன்பும் சுமையாகத் தோன்றாது.

நிறைவாக

கீழப்பாவூரில் தங்கிய இரண்டாம் நாள், அம்மையாரின் பேத்தியை அழைத்துப் பேசினேன். விளையாடச் சொல்லவில்லை, என்ன பிடிக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சைக்கிள்" என்றாள். வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. துருப்பிடித்துத் திண்ணையோரம் சாய்ந்து கிடந்தது. ஒருநாள் தெருமுனையில் விழுந்தாளாம். பையன்கள் சிரித்தார்களாம். அதன்பின் தொடவில்லை. "எல்லாரும் பாப்பாங்க ஆச்சி" என்று பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் விடியலில், ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில், குளக்கரைக்கு அச்சைக்கிளைத் தள்ளிச் சென்றோம். அவள் ஏறி அமர, பின் கேரியரைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பாட்டி உடன் நடந்தார். நடை சிறிது நேரத்தில் ஓட்டமாயிற்று. முப்பது அடி தொலைவுக்குப் பின் பிடியை விட்டுவிட்டு மூச்சிரைக்க நின்றார். பேத்தி மேலும் சிறிது தூரம் சென்று, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். அவள் நாளையும் ஓட்டுவாளா என்பதை நான் அறியேன். அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டேன். ஆனால் 40 ஆண்டுகளுக்கு முன் நான் கேட்கத் தவறிய வினாவை ஒரு பிள்ளையிடமேனும் கேட்டுவிட்டேன். இதழைக் கையில் வைத்துள்ள தாய்மாரே, தந்தையரே, அவ்வளவு காலம் நீங்கள் காத்திருக்க வேண்டா. இன்று மாலையே கேளுங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் பிள்ளை எந்த வயதில் ஓடியாடுவதைக் குறைத்தது? அப்போது வீட்டிலோ பள்ளியிலோ நிகழ்ந்தது என்ன?

2. தன்னாற்றல் நம்பிக்கை பிறக்கும் நான்கு வழிகளில், உங்கள் இல்லத்தில் மிகுந்திருப்பது எது? குறைந்திருப்பது எது?

3. உங்கள் தெருவில் வளரிளம் பெண்பிள்ளைகள் பிறர் நகைப்பின்றி விளையாட ஓர் இடமும் நேரமும் உண்டா? இல்லையெனில், அதனை ஏற்படுத்த மூன்று குடும்பங்கள் இணைந்து செய்யக்கூடியது யாது?